புதன்கிழமை பெஞ்சு

அப்பா,

நண்டுக் கம்பெனியில் தரை கழுவுவதற்குப் புதிதாக ஒரு மஞ்சள் குழாய் வாங்கியிருக்கிறார்கள். வெயிலில் கிடந்து சூடேறியதும் அதிலிருந்து ரப்பர் வாடை வருகிறது. இன்று மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது அந்த வாடை அடித்தது. அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை. சங்கு குளித்துவிட்டு நீங்கள் வீட்டுக்கு வரும்போது உங்கள் வாயில் இதே வாடைதான் இருக்கும். நாள் முழுக்கக் கடலுக்கடியில் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு மூச்சு விட்டவரின் வாய் அது. பல் தேய்த்தாலும் போகாது.

பக்கத்தில் நண்டு உரிக்கும் அக்கா, "என்னளா, சோத்தப் பாத்ததும் கொமட்டுது? மசக்கையா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு வலி முதலில் தோளில் வந்தது. பிறகு முதுகு, பிறகு நெஞ்சு என்றீர்கள். சங்கு குளிக்கிற ஆட்களில் மூட்டு வலி இல்லாதவர் யார்? ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், தைலம் கொடுத்தார்கள். நீங்கள் திரும்பத் திரும்பப் போனீர்கள். வேறு என்ன சொல்லிப் போவது? விடியுமுன் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதையும், அம்மா ஆக்கிய மீன் குழம்பு வாயில் மண் மாதிரி இருப்பதையும் சொன்னால் சீட்டு எழுத மாட்டார்கள். அதற்கு நம் தெருவில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. கிறுக்கு.

ஊசி போடுகிற சிஸ்டர்தான் கடைசியில் சொன்னார். "அண்ணாச்சி, ஒங்க வலி தோள்ல இல்ல. புதன்கிழம பெரியாஸ்பத்திரியில இருந்து மனசு டாக்டர் வாராரு. அவரப் பாருங்க."

புதன்கிழமை நானும் உங்களோடு வந்தேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வந்தவர்கள் உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருந்தார்கள். மனசு டாக்டரிடம் வந்தவர்களுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதற்குக் கூரை கிடையாது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். நீங்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

மீன் கூடையோடு போன ஒரு பெரியம்மா நின்றாள். "ஏளா, ஒங்கப்பனுக்கு என்ன செய்யி?"

"தோள் வலி."

"தோள் வலிக்கா புதன்கிழம வந்துருக்கான்?" அவள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து உங்களுக்குப் பெயர் 'புதன்கிழமை ஆளு'.

அந்த டாக்டர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். அவருக்கு நேரம் இல்லை. என்ன வேலை என்று கேட்டார். "கடல் வேலைங்க" என்றீர்கள். அவர் எழுதிக்கொண்டார். எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை, "தண்ணிக்கு அடியில போவாங்க" என்றேன். ஆட்களை வரிசையாக உள்ளே விடுகிற ஆள், "புள்ள, நீ தள்ளி நில்லு. அடுத்து யாரு?" என்றான்.

அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை வேலை செய்தது. அதை நான் யாரிடமும் மறுக்க மாட்டேன். நீங்கள் உறங்கினீர்கள். குழம்புக்கு உப்பு போதாது என்று அம்மாவோடு சண்டை போட்டீர்கள், அம்மா அடுப்பங்கரையில் சந்தோஷத்தில் அழுதாள். "என்னளா, ஒன் வாயி என்ன, சிப்பியா? தெறக்கவே மாட்டேங்குத" என்று என்னைக் கேலி செய்தீர்கள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஆனால் அந்த மாத்திரை பகலிலும் கண்ணை இழுத்தது. கரையில் இருக்கிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை. கடலுக்கடியில் இருக்கிறவருக்கு?

குளிக்கிறவருக்கு மேலே வள்ளத்தில் இருந்து குழாயும் கயிறும் பிடிக்கிறவன் மச்சினனாக இருக்க வேண்டும் என்பது நம் கடற்கரையின் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலிக்காகவாவது கையை விடமாட்டான் என்பார்கள். உங்களுக்கு அம்மாவின் தம்பி, என் மாமா, குழாய் பிடித்தார். அடியில் இருந்து நீங்கள் அவ்வப்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்ட வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். ஒருநாள் அந்தச் சுண்டு வரவில்லை. மாமா பதறிப்போய் இழுத்தார். நீங்கள் அரைக்கண்ணோடு மேலே வந்தீர்கள்.

மாமா ஈர வேட்டியோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. "என்ன அத்தான், அக்கா தாலிய என் கையில குடுத்துட்டு நீரு அடியில போய் உறங்குதீரு? கிறுக்குக்கு மாத்திர திங்குத ஆளுக்கு நான் குழாய் பிடிக்க மாட்டேன். மாத்திரையா வள்ளமா, நீரே சொல்லும்."

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். அங்கே தினமும் இருக்கிற டாக்டருக்கு நீங்கள் சங்கு குளிக்கிறவர் என்று தெரியும், உங்கள் தோளில் எத்தனையோ முறை ஊசிக்கு எழுதியவர். "கண்ணை இழுக்காத மாத்திர ஏதும் இருக்காய்யா?" என்று கேட்டீர்கள். அவர், "அது புதன்கிழமை டாக்டர் பாடு. நான் அதுல கை வைக்க முடியாது" என்றார். புதன்கிழமை போனோம். அன்றைக்கு அந்த டாக்டர் வரவில்லை. அடுத்த புதன்கிழமையும் வரவில்லை. உங்கள் தோளை ஒருவர் வைத்திருந்தார், உங்கள் மனசை இன்னொருவர் வைத்திருந்தார். ஒரே கட்டடத்தில் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குள் வள்ளம் உங்களை விட்டுவிட்டுப் போகத் தொடங்கியிருந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று நண்டுக் கம்பெனிக்குப் போனேன். நண்டு ஓடு கிழித்த என் விரல்களை நீங்கள் ஒருநாள் விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். மறுநாள் கடற்கரையில், வள்ளத்து ஆட்கள் எல்லாரும் பார்க்க, மிச்சமிருந்த மாத்திரைகளை மாமா கையில் கொடுத்தீர்கள். மாமா அவற்றைத் தண்ணீரில் வீசினார். யாரோ, "மீனுக்குக் கிறுக்குத் தெளிஞ்சிரும்ல" என்றான். நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் நீங்கள் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். ஆனாலும் வள்ளத்துக்குப் போனீர்கள். ஒருநாள் மாமா கயிற்றை இழுத்தார், கயிறு வந்தது. குழாய் வந்தது. நீங்கள் வரவில்லை. கீழவைப்பார் பக்கம் கரையில் கிடக்கிறீர்கள் என்று பிறகு சேதி வந்தது.

குழாய் நழுவியதா, நீங்களே விட்டீர்களா என்று ஊர் பேசியது. கல்லறைக்குப் போகும் வழியிலேயே பேசியது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர், "புதன்கிழமை ஆளுதான, விட்டுருப்பான்", "போ, எப்படியோ, வீட்டுக்குப் பாரம் கொறஞ்சுது" என்று மெதுவாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசினார்கள். அவர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறார்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். வந்ததும் அந்த வெளிப் பெஞ்சைத் தூக்கி உள்ளே போடச் சொன்னார். பிரஷர் பார்க்கிற சிஸ்டரே வருகிற எல்லாரிடமும் உறக்கம் வருதா, சாப்பாடு எறங்குதா என்று கேட்கிறார். டாக்டரம்மாவே மாத்திரை எழுதுகிறார், சந்தேகம் வந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசுகிறார். சர்க்கரைக்கும் மனசுக்கும் ஒரே ஜன்னலில் மாத்திரை கொடுக்கிறார்கள். யார் கையில் என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. மீன்காரப் பெரியம்மா எட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறாள். ஒரு பெஞ்சை நகர்த்தவும் ஒரு போன் போடவும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அது நீங்கள் இருக்கும்போது நடக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மாமாவை அங்கே கூட்டிப் போகிறவள் நான்தான். உங்களுக்குப் பிறகு அவர் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கை தானாகக் கயிறு இழுக்கிறது. மெலிந்து, கன்னம் ஒட்டி, உங்கள் கடைசி மாதங்களில் நீங்கள் இருந்த மாதிரியே இருக்கிறார். அம்மா தம்பியின் முகத்தில் முழிப்பதில்லை. மாமாவுக்கு வேறு ஆளும் இல்லை.

முதல் நாள் டாக்டரம்மா கேட்டார். "என்ன வேலை பாத்தீங்க?"

"கடல் வேலை."

"கடல்ல என்ன வேலை?"

மாமா என்னைப் பார்த்தார். உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். எனக்கு வாய் வந்தது. "மேல இருந்து குழாய் பிடிச்சாரு. எங்கப்பாக்கு."

மாமாவின் தலை குனிந்தது. குனியட்டும் என்றுதான் சொன்னேன், அப்பா. டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது நான் தினமும் கம்பெனி முடிந்து மாமா வீட்டுக்குப் போகிறேன். மாத்திரையைக் கையில் கொடுக்கிறேன், தண்ணீர் கொடுக்கிறேன், விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். ஒருநாளும் தவறியதில்லை. அவர் நன்றாக வேண்டும் என்றுதான் கொடுக்கிறேன். அது பொய் இல்லை.

கடைசிக் காலையில் நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள். "மாமன்ட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்காத. அவன் மேல குத்தம் இல்ல. அக்கா தாலி கையில இருக்கவன் பயப்படத்தான்ளா செய்வான்." நாம் இருவர்தான் இருந்தோம். வேறு யாருக்கும் அது தெரியாது.

மாமா தண்ணீரைக் குடித்து முடித்ததும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார். "ஏளா, அத்தான் கடைசியா என்னப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல, மாமா" என்று டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன்.