வெயிலில் வந்த வெள்ளம்

இஞ்சாருங்கோ,

கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்களை இப்படித்தான் அழைத்தேன். கன்னியர் மடப் பள்ளியில் "என் அன்புள்ள கணவர் அவர்களுக்கு" என்று தொடங்கத்தான் படிப்பித்தார்கள். அப்படித் தொடங்கினால், வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நீங்கள் மடித்து வைத்துவிடுவீர்கள்.

நம் பங்குக் கோயிலின் தமிழ் மக்கள் நவம்பர் மாதக் கடைசியில் ஒரு சிறு மலர் வெளியிடுகிறார்கள். இறந்தவர்களுக்கு வீட்டார் எழுதும் கடிதங்கள் அதில் வரும். போன வருடம் என்னிடம் கேட்டார்கள். "என்ரை மனுசன் செத்துப்போனார் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த வருடம் ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சீசாப் பகுதியில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மாடிப்படி ஏற முழங்கால் விடுவதில்லை. மகன் அன்ரன் ஞாயிறு தவறாமல் வருகிறான். பேத்தி, தாத்தாவுக்கு இத்தாலியர் சொல்லும் சொல்லால், "நொன்னோ எப்ப வருவார்?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காமல் விட்டது அதைவிடப் பொல்லாததாக இருக்கிறது. உங்கள் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் பக்கத்துக் கடைக்காரர் பழப்பெட்டிகளை அடுக்குகிறார். சில மாதம் சண்டை பிடித்தேன். இப்போது அதுவும் இல்லை.

அந்த மோட்டார் சைக்கிளை நீங்கள் உருட்டிக்கொண்டு வந்த அன்று நான் வாசலில் நின்றேன். நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இந்த வயதிலை உதிலை ஏறி எங்கை போகப் போறியள்? கோயிலுக்கோ?"

"கோயிலுக்கு நீர் போம், மதர். நான் பாலைவனத்துக்குப் போறன்."

என் ஒழுங்கும் கண்டிப்பும் கன்னியர் மடத்துத் தலைவிக்குரியவை என்று சொல்லி, வாழ்நாள் முழுக்க என்னை மதர் ஆக்கி வைத்திருந்தீர்கள்.

"பாலைவனத்திலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

பிறகு, ஹெல்மெட்டைத் துடைத்தபடி, விளையாட்டில்லாத குரலில் சொன்னீர்கள்: "முப்பது வருசம் பகேரியாவிலை மற்றவன்ரை கேற்றைத் திறந்து பூட்டினன். கேற் இல்லாத இடம் ஒண்டை ஒருக்காப் பார்த்திட்டு வாறன்." அதற்கு மேல் நான் மறித்துக் கதைக்கவில்லை. விடியற்காலை ரயிலில் பகேரியாவின் அந்தப் பணக்காரர் வில்லாவுக்குக் காவல் வேலைக்குப் போன உங்கள் முதுகை நான் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்.

கப்பலில் தூனிசுக்குப் போய், அங்கிருந்து தெற்கே, அல்ஜீரிய எல்லையோரத்து மலைகளுக்குத் தனியே ஓட்டினீர்கள். மாலையில் நான் செபமாலை முடிக்கும் நேரம் பார்த்துப் போன் வரும்.

"மதர், இஞ்சை மலையை ஆரோ கத்தியாலை பாண் துண்டு வெட்டினமாதிரி வெட்டி வைச்சிருக்கு. வெட்டுக்குள்ளை இறங்கினால் வானம் ஒரு நாடா அளவுதான். நான் இருமினால் மலை திருப்பி இருமுது."

"தண்ணி குடிச்சனீங்களோ?"

"குடிச்சன்."

"தொப்பி?"

"ஹெல்மெட்டுக்குள்ளை தொப்பி போட ஏலாது, மதர். அங்கை உம்மடை கொன்வென்ரிலை போடுறவையோ?"

நீங்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. எத்தனை வயதில் ஒரு மனிதருக்குச் சிரிப்பு வந்து சேர்கிறது, பாருங்கள்.

கடைசி நாள் காலையிலேயே போன் எடுத்தீர்கள். நீங்கள் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரர், யூசெப் என்ற அந்த வயதான மனிதர், உங்களைப் போக விடவில்லை என்று முறைப்பாடு செய்தீர்கள். "மழை வருமாம் எண்டு கையைக் காலை ஆட்டுறார். இஞ்சை வானம் துடைச்ச கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அங்காலை மலையிலை பெய்யுதாம். அங்கை பெய்தால் எனக்கென்ன?"

எனக்கும் அது விளங்கவில்லை. நாம் தீவகத்தில் பிறந்தவர்கள். கிணறு தெரியும், கடல் தெரியும். ஆறு என்பதைப் பள்ளிக்கூட வரைபடத்தில்தான் கண்டோம். நம் ஊரில் தலைக்கு மேல் கறுத்தால்தான் மழை. எங்கோ பெய்த மழை, வெயிலில் நிற்கும் ஒருவரைத் தேடி வரும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

நம் கோயிலுக்கு வரும் விமலா பிறகு சொன்னாள். வன்னியில் ஆற்றங்கரையில் பிறந்தவள். "மேலை மழை எண்டால் கீழை வெய்யிலுக்கையும் தண்ணி வரும், அன்ரி. சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்." எனக்கு எழுபது தாண்டித் தெரியவந்தது.

வெள்ளம் வடிந்தபிறகு பார்த்தால், உங்கள் மோட்டார் சைக்கிள் இரண்டு பாறைகளுக்கு இடையே சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது. அன்ரன் போய் நின்றான். ஊர் மக்கள் அவனுடன் சேர்ந்து, வெள்ளம் போய் முடியும் உப்பு வெளிவரை தேடினார்கள். நீங்கள் அகப்படவில்லை.

அன்றிலிருந்து விமலா கோயிலில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். போர் முடிந்த நாட்களில் அவளுடைய புருசன் காணாமல் போனவர். மாதம் ஒரு பூசை ஒப்புக்கொடுப்பாள். பூசைக்குக் கொடுக்கும் வேண்டுதல் கருத்து எப்போதும் ஒன்றுதான்: அவர் சுகமாய்த் திரும்பி வர. நானும் அதே கருத்துக்குக் கொடுத்தேன். ஆடு மேய்க்கிறவர் யாராவது உங்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அடிபட்டு நினைவு தப்பியிருக்கலாம் என்றெல்லாம் இருவரும் கதைப்போம். படித்த பெண் கதைக்கும் கதையா அது? கதைத்தேன்.

இந்த வருடம் பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு அன்ரன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். யூசெப்பின் கையைப் பிடித்து, நீங்கள் இறங்கிய வெட்டுக்குள் நானும் இறங்கினேன். நீங்கள் சொன்னதுபோலவே இருந்தது. அழகாகத்தான் இருந்தது; அதற்காக நான் அந்த இடத்தை மன்னிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பாறைச் சுவரில் மிக உயரத்தில் காய்ந்த புல்லும் ஒரு பேரீச்ச ஓலையும் சிக்கி நின்றன.

"உதை ஆர் உவ்வளவு உயரத்திலை வைச்சது?" என்று கேட்டேன்.

அன்ரன் யூசெப்பைக் கேட்டான். பதிலை எனக்குத் தமிழில் சொன்னான்: "தண்ணி அவ்வளவுக்கு வந்ததாம், அம்மா."

நான் கேட்கக் கொண்டுபோன கேள்விகள் அத்துடன் முடிந்தன.

ஆனாலும் வீடு வந்து பல மாதம் பூசைக் கருத்தை மாற்றவில்லை. நீங்கள் உயிருடன் இருந்து நான் இறந்தவருக்குரிய ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கொடுத்தால், உங்களை உயிரோடு புதைத்தவள் ஆவேன். நீங்கள் இறந்து, பாவம் கழுவும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு செபத்துக்குக் காத்திருக்க, நான் சுகமாய்த் திரும்பி வரக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்குச் சேர வேண்டியதைத் தடுத்து வைத்தவள் ஆவேன். இரண்டில் ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும். நடுவில் நிற்க இடம் இல்லை.

நவம்பர் மாதப் பூசைகளுக்குப் பெயர் கொடுக்கும் நாளில் பங்குச் சுவாமியிடம் போனேன்.

"எப்பவும் கொடுக்கிற கருத்துத்தானே, அம்மா?"

"இல்லைச் சுவாமி. இளைப்பாற்றிக்கு."

அவர் பேனையை மூடினார். பிறகு திறந்து எழுதினார்.

விமலா பின்னால் நின்றிருக்கிறாள். வாசலில் என்னை மறித்தாள். "அன்ரி, உடம்பைக் கண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப எப்பிடி அன்ரி?"

"சுவரைக் கண்டனான்."

"எனக்கு ஒரு சுவரும் இல்லை, அன்ரி," என்றாள்.

இப்போது அவள் பின்வரிசையில் இருக்கிறாள். கபோ சந்தையில் கண்டால் தலையை அசைப்பாள், கதைப்பதில்லை. அவள் காத்திருப்பது பிழை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் என் செய்கை சொல்லிவிட்டது. அதை எப்படித் திருப்பி எடுப்பேன்?

இறந்தோர் திருநாளில் எல்லாரும் கல்லறைக்குப் பூக்கொண்டு போனார்கள். நான் பூ வாங்கவில்லை. வாங்கி எங்கே வைப்பது? பூசையில் உங்கள் பெயரை வாசித்தார்கள். மனம் ஆறும் என்று சொல்லியிருந்தார்கள். ஆறவில்லை. ஆண்டவரிடம் கேட்க ஒரு விசயம் இருந்தது. அதுவும் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே இதை எழுத்தில் தருகிறேன். உங்களைத் திருப்பித் தரும்படி இனி ஆண்டவரைக் கேட்க மாட்டேன். வாசலில் சத்தம் கேட்டாலும் கேட்க மாட்டேன். உங்கள் ஆன்மாவுக்காக மட்டும், எனக்கு மூச்சிருக்கும் வரை, நாள் தவறாமல் செபிப்பேன்.

இன்றிலிருந்து உங்கள் விதவை,
பிலோமினா