நான்காக வெட்டிய நாவல்

இன்று காலை, சென்னையிலிருந்து கடல்வழி வந்த பார்சலை அறுத்துப் பிரித்தேன். ஈரச் சாக்கும் பசையும் அச்சு மையும் கலந்த அந்த வாடை உங்கள் புத்தகக் கடை முழுவதும் பரவியது. மேலே இருந்த பட்டியலில் உங்கள் பெயர். நீங்கள் மறைந்து பத்து வாரம் ஆகிறது, அக்கா. கப்பலுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் நீங்கள் அனுப்பிய கடைசி ஆர்டர் இது. நான் குறித்துக் கொடுத்த கட்டுரைத் தொகுப்புகளும் இலக்கண நூல்களும் அடியில் நான்கைந்து இருந்தன. அவற்றின் மேல், அட்டையில் துப்பாக்கிகளும் கண்ணீர் வடிக்கும் பெண்களுமாக, கட்டுக்கட்டாக மாத நாவல்கள்.

இந்தக் கடையின் வாசற்படி ஏறவிடாமல் நான் தடுத்து வைத்திருந்தவை அவை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வரவழைத்திருக்கிறீர்கள். முதலில் எனக்குக் கோபமே வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

சனிக்கிழமைக்குள் உங்கள் மகனுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீடியோ கடைக்காரர் நடுச்சுவரை இடித்து, இரண்டு கடைகளையும் ஒன்றாக்கிக்கொள்ள விரும்புகிறார். “ஆன்ட்டி, நீங்க பாத்துக்கிறதா இருந்தா கடை இருக்கட்டும். முடியலன்னா சொல்லிடுங்க, குடுத்திடலாம். இப்பல்லாம் யாரு தமிழ் புக் படிக்கிறா?” என்றார் உங்கள் மகன். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

எழுபதுகளின் நடுவில், தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, எதையும் வாங்காமல் நின்றபடியே படித்துவிட்டுத் திரும்பியவள் நான். மூன்று ஞாயிறுகள் பார்த்தீர்கள். நான்காம் ஞாயிறு, கோவிலில் பூசை முடிந்து, கைப்பையில் செபமாலையோடு வந்து கடையைத் திறந்த நீங்கள், “நிக்கிறதுதான் நிக்கிற, வர்றவங்களுக்குக் கொஞ்சம் எடுத்துக் குடேன் லா” என்றீர்கள். என் உத்தியோக நியமனம் அவ்வளவுதான். பள்ளிக்கூடம் பார்க்காத எனக்கு, நூல்களின் நடுவே நிற்கும் உரிமை கிடைத்தது. அதை நான் மிகப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். தேவைக்கு மேலேயே பெரிதாக.

பிறகு வீடியோ வந்தது. சனிக்கிழமை மாலைகளில், நம் கதவை மறைத்துக்கொண்டு ஐந்தடி நடைபாதையில் அவர்கள் கடைக்கு வரிசை நின்றது. நான் வீடியோவைப் பழித்தேன்; வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோரைப் பழித்தேன். நீங்கள் யாரையும் பழிக்கவில்லை. வரிசையில் நின்றவர்களை நலம் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள்.

சென்ற ஆண்டு நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இந்தத் தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில் குடியிருக்கும் அந்தப் பெண், தொழிற்சாலைச் சீருடையோடு உள்ளே வந்தாள்.

“அக்கா, இந்த மாச நாவல் ஏதும் வந்திருக்கா?”

“அவற்றை இங்கே விற்பதில்லை. படிப்பதென்றால் பயனுள்ளதைப் படிக்க வேண்டும்” என்று சொல்லி, தடித்த கட்டுரை நூல் ஒன்றை அவள் கையில் வைத்தேன்.

இரண்டு பக்கம் புரட்டினாள். “இது என்னக்கா, இதுக்குப் பரீட்சை உண்டா?” என்று சிரித்துவிட்டு நூலைப் பதமாக மேசையில் வைத்தாள். பத்து நிமிடத்தில் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கேசட்டுகளோடு வெளியே போனாள்.

“புக்கு வாங்க வந்தவள டேப் எடுக்க அனுப்பிட்ட. நல்ல யாவாரம் லா” என்றீர்கள்.

“நாம் விற்பது மொழி, அக்கா. மசாலா அல்ல.”

“மசாலா இல்லாம நீ என்னைக்குச் சோறு தின்ன? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா, பாவம். கதவ நாம தொறந்து வச்சிருக்கோம், நீ குறுக்க நிக்கிற.”

அன்று நீங்கள் இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். நான் எழுத்துக் கூட்டக் கற்றது இலக்கண நூலில் அல்ல. சிறு வயதில், தியேட்டரில் படம் முடிந்ததும் கூட்டிப் பெருக்கிய என் அம்மாவோடு போய், நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த பாட்டுப் புத்தகங்களைப் பொறுக்கினேன். ரேடியோவில் அதே பாட்டு வரும்போது விரலை வைத்து எழுத்தைத் தேடினேன். இதை உங்கள் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தால் என் வாயை அடைத்திருக்கலாம். நீங்கள் கோப்பியைக் கலக்கி என் பக்கம் நகர்த்தினீர்கள்.

இன்று, குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் அந்த நாவல்களில் ஒன்றைக் கையில் எடுத்தேன். கடைசிப் பக்கம் வரை கீழே வைக்கவில்லை. நிமிர்ந்தபோது பிற்பகலாகியிருந்தது. பூன் லே பெண் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள்.

“உள்ளே வாருங்கள்” என்றேன்.

“வேணாங்கா, திட்டுவீங்க.”

நாவல் கட்டைத் தூக்கிக் காட்டினேன். படியிலேயே நின்றுவிட்டாள். அன்று நடந்துகொண்ட முறைக்கு நான் மிகவும் வருந்துகிறேன் என்று முறையாகத் தொடங்கினேன்; வாக்கியம் நடுவழியில் உடைந்தது. “நானே சினிமாப் பாட்டுப் புத்தகத்துல எழுத்துக் கூட்டினவதான்மா” என்றேன்.

“நெசமாவா? உங்க பேச்சக் கேட்டா ப்ரொபசர்னுல்ல நெனச்சேன்!”

உட்கார்ந்தாள். பல மாதங்களாக அவர்கள் கைக்கு நாவலே வரவில்லையாம். யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்தால், ஒரே பிரதியை நான்காகக் கிழித்து, தொழிற்சாலையில் அவள் லைனில் வேலை செய்யும் நான்கு பெண்களும் ஆளுக்கொரு பாகமாகச் சாப்பாட்டு நேரத்தில் படித்து மாற்றிக்கொள்வார்களாம். “கடசிப் பாகம் கெடச்சவ வாயத் தெறக்கக் கூடாது. கையில அடிச்சு சத்தியம் வாங்கிடுவோம் லா!”

நூலைக் கிழிப்பதா என்று என் நெஞ்சு ஒரு கணம் துடித்தது. அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “கத்தி இருந்தா குடுங்கக்கா, பஸ்ல கிழிச்சா தாறுமாறாப் போயிடும்” என்றாள். கத்தியை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. அத்தியாயம் முடியும் இடங்களாகப் பார்த்து, நானே நூலின் முதுகில் வைத்து அழுத்தினேன். வெட்டு நேராக விழுந்தது.

அவள் போன பிறகு உங்கள் மகனுக்குப் போன் செய்து, சுவர் இருக்கட்டும் என்றேன். “எத்தன நாளைக்கு ஆன்ட்டி?” என்றார். தெரியாது என்றேன். நான்கு பேருக்கு ஒரு நூல் என்னும் கணக்கில் எந்தக் கடையும் நெடுங்காலம் நிற்காது. அந்த நால்வரின் பிள்ளைகள் தமிழ் நூலைக் கையில் எடுப்பார்களா என்பதற்கும் என்னிடம் உறுதி இல்லை. யார் படிக்கிறார்கள் என்று கேட்டாரே, அதற்கு மட்டும் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

போகும் முன், நான்கு பாகங்களையும் பையில் வைத்துக்கொண்டு வாசலில் திரும்பி, “நீங்க இதப் படிச்சிட்டீங்களாக்கா? யாரு கொன்னதுன்னு சொல்லிறாதீங்க!” என்று அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வெளியே விடக்கூடாத சொல்லை உள்ளேயே வைத்துக்கொள்வது எத்தனை பெரிய மரியாதை என்பதை உங்களிடம்தான் நான் கற்றிருக்கிறேன், அக்கா.