நாற்பது நிமிஷம் சும்மா இருந்த நர்ஸ்

வைதாபு தீவு,
மார்ச் 4

லோசலினிக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க மனசு வரல. நீ கையெழுத்துப் போட்ட எச்சரிக்கை வந்து சேர்ந்தது. நர்ஸ் உனாய்சி நாற்பது நிமிஷம் வேலையே பார்க்கலன்னு ஒவ்வொரு வேலையையும் தொட்டுப் பதியச் சொல்லி நீங்க கொடுத்த டேப்லெட் கம்ப்யூட்டர் சொல்லுதாம். ஏன்டி, அந்த நேரம் பூரா என் ரெண்டு கையும் பிள்ளை பெத்தவளோட ரத்தப்போக்கை நிறுத்திட்டு இருந்துச்சு. ரத்தம் படிஞ்ச கையுறையோட தொட்டா அந்தச் சனியன் பிடிச்ச திரை அசையுமா?

இது வந்தா வேலை பாதியாக் குறையும்னு ஹெட் ஆபீஸ்ல இருந்து இங்க வந்து கேக் வெட்டினது நீதானே? இப்போ டேப்லெட்ல ஒரு தடவை, கரண்ட் போயிடும்னு நோட்டுல ஒரு தடவை எழுதுறோம். இருபத்திரண்டு படுக்கைக்கு ரெண்டே நர்ஸ். இது எனக்கு ரெண்டாவது எச்சரிக்கை. மூணாவது வந்தா வேலை போயிடும். மரியாதையா வாபஸ் வாங்கு.

உனாய்சி

சுவா,
மார்ச் 13

அன்பு உனா,

அப்பாடா, என்ன கோபம்! நர்ஸிங் பள்ளியில ஒரே தட்டுல மரவள்ளி தின்னவங்கடி நாம. இதை ஆபீஸ் மெயில்ல எழுத முடியாது, அதான் என் தம்பிகிட்ட கொடுத்தனுப்புறேன். படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு.

வாபஸ் வாங்க மேலிடம் விடாது. ஒரு வழி சொல்றேன். டூட்டிக்கு வந்ததுமே, காலையில எடுத்த பிரஷர், ஜுர அளவையே எல்லா நோயாளிக்கும் நாள் முழுசுக்கும் போட்டு வச்சிடு. பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க. அடுத்த மாசம் இந்த டேப்லெட்டுக்கு நிதி கொடுத்த வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. எல்லாம் சரின்னு திரை பச்சையாக் காட்டலேன்னா என் நாற்காலி போயிடும். பிடிவாதம் பிடிக்காதே, செல்லம்.

உன் லோசா

வைதாபு தீவு,
மார்ச் 22

லோசலினி,

உன் வழியை இங்க இருக்கிற இன்னொரு நர்ஸ் வசிதி ஏற்கெனவே கத்துக்கிட்டா. திங்கட்கிழமை மத்தியானம் பதினோராம் படுக்கைத் தாத்தாவுக்கு ஜுரமே இல்லைன்னு திரை பச்சையாக் காட்டுச்சு. நெத்தியைத் தொட்டேன், கொதிக்குது. உடனே மருந்து ஏத்தினதால பிழைச்சிட்டார். வசிதி அழுதா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரல. உன் மேலதான் கோபம் வருது.

உன் கடிதத்தை நான் கிழிக்கல. புதன்கிழமை படகேறி சுவா வந்தேன். உன் ஆபீஸ் வாசல் வழியாத்தான் நடந்தேன், உள்ள வரல. நர்ஸுகள் சங்கச் செயலாளர் கையில அந்தக் கடிதத்தைக் கொடுத்துட்டேன், எனக்கு வந்த ரெண்டு எச்சரிக்கையோட. உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. என் வேலை போனாலும் போகட்டும்.

இனிமே எனக்கு எழுதாதே. நாற்காலி போச்சுன்னா நேரா இங்க கிளம்பி வா. மூணாவது நர்ஸ் இடம் ரெண்டு வருஷமாக் காலியாத்தான் கிடக்கு.

உனாய்சி