கடைசி பெஞ்சுக் குரல்

ஏங்க,

பாடகர் குழுவோடு ஒருமுறை பாடிப் பார்க்க வேண்டும். அதனால் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புகிறேன். நீங்கள் தூங்குகிறீர்கள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறீர்கள். காபி ஃபிளாஸ்கில் இருக்கிறது. ரொட்டியை மூடி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு புதுப் பாட்டைச் சபைக்கு அடி அடியாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வார்த்தைகள் நமக்குப் பழகிய ஒரு பழைய பாட்டின் ராகத்துக்கும் பொருந்தும். நீங்கள் அந்த ராகத்திலேயே எடுத்தீர்கள், சபை முழுக்க உங்கள் பின்னால் போய்விட்டது. நான் கீபோர்டை நிறுத்தி, "கடைசி பெஞ்சுல ஒருத்தர் தனி ரயில் ஓட்டுறாரு, யாரும் ஏறிடாதீங்க" என்று மைக்கில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இந்த ஆறு நாள் மௌனத்தில் ஒன்று புரிந்தது. சபை என் கையைப் பார்த்துப் பாடுவதில்லை. தெரியாத பாட்டென்றால், முதுகுக்குப் பின்னால் கூச்சமில்லாத ஒரு குரல் கேட்டால்தான் வாயைத் திறக்கிறது. நீங்கள் வராவிட்டால் இன்று குழுவும் நானும் மட்டும்தான் பாடுவோம். வாங்க. உங்கள் இடத்திலேயே உட்காருங்க.

சட்டை தேய்த்து நாற்காலியில் போட்டிருக்கிறேன். வரும்போது பின்கதவைப் பூட்டுங்கள்.

இன்னொன்று. நேற்றுக் குளிக்கும்போது இரண்டாவது அடியைப் புது ராகத்தில் சரியாகவே பாடினீர்கள். என் காலடிச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டீர்கள். மறுபடி தொடங்குவீர்கள் என்று, தண்ணீர்ச் சத்தம் ஓயும்வரை கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.