வீட்டுப் பட்டியலில் என் பெயர்

என்னைப் பெற்ற அப்பாவுக்கு,

கோபமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். 'அப்பா' என்று எழுதியதும் அழுகை முந்திக்கொண்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் வெளியே வந்துவிட்டேன். பன்னிரண்டு வயதில் நீங்கள் தாமுவேயில் கொண்டுபோய் விட்ட அதே ராஜம்மாள் வீட்டிலிருந்து, ஒன்பது வருடம் கழித்து. பள்ளிக்கூடம் அனுப்புவதாகச் சொன்னவர் பின்கட்டில் உட்காரவைத்து, பர்மியர்களின் மொய்ங்கா மீன்குழம்புக் கடைகளுக்கு வாழைத்தண்டு நறுக்க விட்டார். வாசலுக்கு எப்போதும் வெளிப்பூட்டு. தண்டு வாங்க வந்த கடைக்காரம்மா ஒருத்தி பூட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, வக்கீல் டோ மியாவிடம் சொன்னார். அவர் ஆட்களோடு வந்து திறக்க வைத்தார். என் விரல்களில் வாழைக்கறை இன்னும் போகவில்லை.

இப்போது இன்சீனில் அத்தை வீட்டில் இருக்கிறேன். உங்கள் கருமாதி முடிந்த பிறகுதான் நீங்கள் இறந்த சேதியையே எனக்குச் சொன்னார்கள் என்பது உங்கள் தங்கைக்கே இப்போதுதான் தெரியும். நான்தான் வர மறுத்தேன் என்று ராஜம்மாள் வீட்டார் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என்னை அடிமையாக அடைத்து வைத்ததாக வழக்குப் போட்டோம். இரண்டாம் வாய்தாவில் ராஜம்மாளின் வக்கீல் அலட்டிக்கொள்ளாமல் ஒரு காகிதத்தை நீட்டினார். என்னைத் தத்துக் கொடுத்துவிட்டதாகவும், அந்த வீட்டில் நான் பிரியமாக, என் விருப்பப்படியே இருப்பதாகவும் எழுதியிருந்தது. அதை வைத்துத்தான் சர்க்காரிடம் உள்ள அவர்கள் வீட்டுப் பட்டியலில் என்னை மகளாகச் சேர்த்திருக்கிறார்கள். கீழே தமிழில் உங்கள் கையெழுத்து. தாய் தகப்பன் தங்கள் பெண்ணை வீட்டில் வைத்துப் பூட்டினால் அது அடிமைத்தனமா என்று அந்த வக்கீல் கேட்டார்.

கையெழுத்தைவிடத் தேதிதான் என்னைக் கொன்றது. நான்காம் வருடம் தீபாவளிக்கு மறுநாள் வந்தீர்களே, நினைவிருக்கிறதா? பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் ஜன்னலுக்கு வந்தீர்கள். "அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "உனக்கு அடையாளக் கார்டு வரட்டும்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றீர்கள். அதற்கு ஐந்தாம் நாள் போய் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

என்னை மீட்க வழி தேடப் போயிருக்கிறீர்கள் என்றல்லவா அடுத்த ஐந்து வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்? வேலியே பயிரை மேய்ந்தது என்று ராஜம்மாளைத் திட்டிக்கொண்டிருந்தேன். வேலி நீங்கள்தானே அப்பா?

ஏன் செய்தீர்கள் என்று புரியாமல் இல்லை. இதே நாட்டில் பிறந்தும் அடையாள அட்டை இல்லாமல் கடைசிவரை தினக்கூலியாகவே இருந்தவர் நீங்கள். சோதனைச்சாவடி இருக்கும் பக்கமே போக மாட்டீர்கள். நம் தமிழ் ஆட்கள் பலருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு: யார் பட்டியலிலாவது பிள்ளையின் பெயரை ஏற்றிவிட்டால் கரை சேர்த்த மாதிரி. அட்டை வந்தது. அதில் தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் ராஜம்மாளின் கணவர் பெயர். அந்த அட்டையும் ராஜம்மாளின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

வழக்குத் தோற்றால் நான் வீட்டை விட்டு ஓடிப்போன மகள், அவ்வளவுதான். எங்கே போனாலும் நான் அந்த வீட்டுப் பெண்தான். டோ மியா மறைக்காமல் சொல்லிவிட்டார்: என் அப்பா பூட்டைப் பார்த்தார், நான் கெஞ்சியதைக் கேட்டார், தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தார் என்று கூண்டில் ஏறி நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஜன்னலில் நம் இருவரைத் தவிர வேறு சாட்சி ஏது?

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "செத்த மனுசனைப் பொய்யன்னு கோர்ட்டுல சொல்லுவியா? அவன் உன் நல்லதுக்குத்தானே செஞ்சான்" என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறாள். நல்லதுக்குத்தான் செய்தீர்கள். ஆனால் என்னைப் பார்த்த பிறகும் செய்தீர்கள்.

வியாழக்கிழமை கூண்டில் ஏறுவேன். பாதியில் நிறுத்த மாட்டேன். என் அப்பா எழுதிக் கொடுத்தது பொய் என்று, உங்கள் பெயரை முழுதாகச் சொல்லியே சொல்வேன். இது சத்தியம். அதைச் சொன்னால்தான் நான் உங்கள் மகள் என்று அந்தக் கோர்ட்டு எழுதும்.

நீங்கள் கொடுத்துவிட்டாலும் போகாத
உங்கள் மகள்,
செல்வி