நிலாவிலிருந்து வராத பதில்

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மாடிச் சாவி ஃபிரிட்ஜ் மேல.

உங்க ஹாம் ரேடியோவுல, நிலாவுல பட்டுத் திரும்பின சிக்னல்ல உங்க சிநேகிதர் பதில் சொல்லிட்டார்னு காலையில குதிச்சீங்களே, அது அவர் இல்ல, வெறும் இரைச்சல். அவர்தான் வரணும்னு அவரோட ரேடியோப் பேரை, அந்த அழைப்புக்குறியைக் கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே போட்டு வெச்சா, அது எந்த இரைச்சல்லயும் அவரைத்தான் கண்டுபிடிக்கும். அதை அழிச்சுட்டேன். இனிமே வந்தா நம்புங்க. ஆன்டெனா தானாவே நிலாகூடத் திரும்பும், கை வைக்காதீங்க.

இன்னொண்ணு. உங்க அம்மா போன் பண்ணி வாழ்த்து சொன்னாங்க. நான் வேலையை விடச் சம்மதிச்சுட்டேனாமே? நேத்து நீங்க கேட்டப்போ நான் வாயே திறக்கலை. அதுலயும் உங்களுக்கு வேண்டிய பதில்தான் கேட்டுச்சா?

டூட்டி முடிஞ்சு வந்து வாயைத் திறக்கிறேன். அத்தையையும் வரச் சொல்லுங்க.