கெளுத்தித் தொட்டிக்கு நாற்பது வாட்

நாள் 203. காலை 08:10

அழுத்தம் சரி. ஆக்சிஜன் உற்பத்தி சரி. வெளியே மைனஸ் 61 டிகிரி.

இதை யார் படித்தாலும் தெரிந்துகொள்ள: நான் ஆவுடையம்மாள், செவ்வாயில் இந்த நிலையத்தின் பொறியாளர். இங்கே இருப்பது இருவர். மற்றவர் நிலவியலாளர் பெலிக்ஸ் மச்சாடோ, தூத்துக்குடிக்காரர். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பனிப் பள்ளத்துக்கு நேற்று ஊர்தியில் கிளம்பினார். திரும்பப் பத்து நாள் ஆகும். அதுவரை அவருடைய மீன்தொட்டி என் பொறுப்பு.

எட்டு குட்டிக் கெளுத்திகள். கட்டைவிரல் நீளம், அதற்கு மேல் வளராத இனம். தொட்டியின் கழிவுநீர் கீரைத் தட்டுகளுக்கு உரம், அதனால் இவற்றுக்கு இங்கே இடம். கண்ணாடியில் அவர் ஒட்டிய தாள்: "மூழ்குற மாத்திரை மட்டும். நாளைக்கு ஒண்ணு. மெதக்குற தீனி போடாத, இதுக தரையிலதான் மேயும்."

ஒன்று போட்டேன். எட்டும் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு வந்தன. எனக்கு மீன் வளர்ப்பில் ஆர்வம் கிடையாது.

நாள் 205. காலை 11:40

ஊர்தியின் முன் அச்சு முறிந்துவிட்டது. பள்ளத்தின் சரிவில் சாய்ந்து நிற்கிறது. பெலிக்ஸுக்குக் காயம் இல்லை. அவரிடம் மாற்று அச்சு இல்லை. என்னிடம் வேறு ஊர்தி இல்லை. என் உடுப்பில் எட்டு மணி நேரக் காற்று. கூடுதல் சிலிண்டர்களை இழுத்துக்கொண்டு நடந்தாலும் பாதி வழிதான். மூன்று விதமாகக் கணக்குப் போட்டேன். அடுத்த கலம் வர ஐந்து மாதம்.

ஊர்தியில் காற்று ஒன்பது நாளுக்கு.

வானொலியில் அவர்: "நீ கெளம்பி வந்துராத, ஆவுட. பாதி வழியில நீ கெடப்ப, இங்க நான் கெடப்பேன். யாருக்கு லாபம்? கெளுத்திக்குத் தீனி போட்டியா?"

"போட்டேண்ணே."

நாள் 208. காலை 09:25

புழுதிப் புயல். சூரியத் தகடுகள் 58 சதவீதம்.

தொட்டியில் இரண்டு மீன் செத்துக் கிடந்தன. மற்றவை நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குகின்றன. தண்ணீர் கலங்கல். அம்மோனியா எல்லைக்கு மேல்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

"எத்தன இருக்கு? எண்ணிச் சொல்லு."

"எட்டு."

"பொய் சொல்லுத. தீனிய அள்ளிப் போட்டுட்டியோ?"

பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று நாளில் பதினொரு மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்து இருக்கிறது. போட்ட ஞாபகம் இல்லை.

நாள் 208. பகல் 12:50

அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். "ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாத. பசியில சாவாது, தின்னுதான் சாவும். மணலுக்கு மேல கெடக்குற அழுக்க குழாய் வச்சு உறிஞ்சு. கால்வாசித் தண்ணிய எடுத்துட்டு, புதுசா டம்ளர் டம்ளரா விடு. அவசரப்படாத."

நான் டம்ளரை எண்ணினேன். அந்தப் பக்கம் அவரும் எண்ணினார். நாற்பத்திரண்டு. இரண்டு மணி நேரம் ஆனது.

"இங்க வந்து சாஞ்சதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் எனக்கு வேலன்னு ஒண்ணு கெடச்சுது" என்றார்.

நாள் 211. மாலை 15:30

அம்மோனியா இறங்கிவிட்டது. மீன் ஆறு. ஒரு மாத்திரை.

மனைவி ரோஸலினுக்கு அவர் பேசிய செய்தியைப் பூமிக்கு அனுப்பிவைத்தேன். பதினேழு நிமிடப் பதிவு. நான் கேட்கவில்லை. பிறகு ஒலிவாங்கியைத் தொட்டிப் பக்கம் பிடிக்கச் சொன்னார். காற்றுக்குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.

நாள் 214. பகல் 14:05

பேச்சு குழறுகிறது. ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொல்கிறார்.

"ஒருதரம் தண்ணியக் கொஞ்சம் குளுர விடு. மழ வந்துருச்சுன்னு நெனச்சு முட்ட போடும்."

"சரிண்ணே."

"மழ வந்துருச்சுன்னு நெனச்சுக்கும்."

"சரிண்ணே."

அதன்பின் ஒன்றும் இல்லை. பேசும் பொத்தானை அணைக்காமல் விட்டிருக்கிறார். ஊர்தி அறையின் மின்விசிறி இரைச்சல் மட்டும் வருகிறது. காற்று தீர்ந்தாலும் அந்த பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும்.

நாள் 219. காலை 10:15

தகடுகள் 21 சதவீதம். கீரைத் தட்டுகளை நிறுத்தினேன்.

ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. மின்விசிறி ஓடுகிறது. நான் சாப்பிடும்போதும் ஓடுகிறது. காலையில் ஒலிபெருக்கியைப் பார்த்து "போட்டேண்ணே" என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் சொன்னபடி ஒருதரம் தண்ணீரைக் குளிரவிட்டேன். கண்ணாடியில் முப்பத்தொரு முட்டை. பெரிய மீன்களே தின்றுவிடும் என்பதால் சுரண்டி எடுத்து, வலைக்கூண்டில் போட்டு, அதே தொட்டியில் தொங்கவிட்டேன்.

நாள் 221. பகல் 13:00

பூமியிலிருந்து: "உங்கள் உயிர்காப்புக்கு இன்னும் 40 வாட் தேவை. தொட்டிச் சூடேற்றி, ஊர்தியின் வானொலியைப் பிடிக்கும் அலைவாங்கி, இரண்டில் ஒன்றை இன்றே நிறுத்தவும். கீரை நின்றுவிட்டதால் தொட்டிக்கு இனிப் பயன் இல்லை. ஊர்தியில் உயிர் இருக்க வாய்ப்பும் இல்லை. முடிவு உங்களுடையது."

தொட்டியை நிறுத்தினேன்.

நாள் 221. மாலை 16:20

தண்ணீர் 17 டிகிரி. ஆறு மீனும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மீசை அசையவில்லை. முட்டையில் ஒன்பது வெளுத்துவிட்டது, எடுத்துப் போட்டேன். மற்றவற்றில் கரும்புள்ளியாகக் கண் தெரிகிறது.

அலைவரிசையில் அவரை மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தேன். விதிப்படி ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பதில் இல்லை.

அலைவாங்கியை நிறுத்தினேன். 40 வாட்டைத் தொட்டிக்கு மாற்றினேன்.

நாள் 221. மாலை 17:05

தண்ணீர் 18.5.

மேலே ஒன்று விட்டுப்போயிற்று, பதிவுக்காக எழுதுகிறேன். நான் நிறுத்துவதற்குச் சற்று முன்பு அந்தப் பக்கம் மின்விசிறி நின்றது. பிறகு திரும்ப ஓடியது. தானாக அப்படி ஆகுமா என்று கையேட்டில் இரண்டு தடவை தேடினேன். அதைப் பற்றி எதுவும் இல்லை.